சிகிரியாவுக்கு இரண்டு நாள், தனியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன பிப்ரவரியில் திருச்சியிலிருந்து தனியாகக் கிளம்பி, இலங்கையில் இருக்கும் சிகிரியா மலை அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து அலுவலகத்தில், உறவில், பக்கத்து வீட்டில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். போக நினைப்பவர்களுக்கு, அதிலும் தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு உதவினால் சந்தோஷம்.

சிகிரியா கோட்டையா, அரண்மனையா, கோயிலா?

மூன்றுமாக இருந்திருக்கிறது. சுற்றிலும் காடும் வயலுமாகக் கிடக்கும் சமவெளியில், தனியாக ஒரே ஒரு பாறை கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பக்கங்கள் செங்குத்து, தலை மட்டும் தட்டை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் அந்தத் தலைமேல் அரண்மனையையும், பாறையின் காலடியில் தோட்டங்களோடு ஒரு நகரத்தையும் கட்டினான். அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்தப் பாறைக் குகைகளில் பௌத்த பிக்குகள் இருந்திருக்கிறார்கள். குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய விளிம்புகளும் பிராமிக் கல்வெட்டுகளும் அதற்குச் சாட்சி. அவன் இறந்த பிறகும் அது மடமாகி, 13, 14-ஆம் நூற்றாண்டு வரை பிக்குகள் அங்கே இருந்தார்கள். அரண்மனையாக இருந்தது வெறும் 18 வருடம், 477 முதல் 495 வரை.

1982-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு அரசன் எதற்காகப் பாறை உச்சியில் போய் அரண்மனை கட்ட வேண்டும்?

சூளவம்சம் என்ற பாலி நூல் சொல்லும் கதை இது. காசியப்பனின் அப்பா தாதுசேனன். அனுராதபுரத்தை ஆண்டுகொண்டிருந்த பாண்டியர்களை வென்று ஆட்சிக்கு வந்தவன். கலா வாவி என்ற பெரிய ஏரியை வெட்டியவனும் அவன்தான். காசியப்பன் மூத்த மகன், ஆனால் தாய் பட்டத்து அரசி அல்ல. பட்டத்து அரசியின் மகன் மொகல்லானன். தாதுசேனன் மேல் பகை வைத்திருந்த படைத்தலைவன் மிகாரனின் துணையோடு காசியப்பன் அப்பாவைப் பிடித்துச் சிறை வைத்தான். மொகல்லானன் தென்னிந்தியாவுக்குத் தப்பிவிட்டான்.

புதையல் எங்கே என்று கேட்டுத் தந்தையை நெருக்கினார்களாம். அவன் கலா வாவிக்குக் கூட்டிப் போகச் சொல்லி, ஏரியில் இறங்கிக் குளித்து, இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளிக் காட்டி, என்னிடம் இருக்கும் செல்வம் இதுதான் என்றானாம். அப்புறம் அவனைச் சுவரோடு வைத்துப் பூசிக் கொன்றார்கள் என்கிறது நூல். தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில் காசியப்பன் தலைநகரைப் பாறைக்கு மாற்றினான் என்பது வழக்கமான விளக்கம்.

தொல்லியல் அறிஞர் பரணவிதான வேறு மாதிரி பார்த்தார். குபேரனின் அளகாபுரியைப் பூமியில் கட்டிக் காட்ட நினைத்திருக்கிறான் என்றார் அவர். நேரில் பார்த்த பிறகு எனக்கு அவர் சொல்வதுதான் மனதில் நிற்கிறது. பயந்து ஒளிகிறவன் இத்தனை நீரூற்று வைக்க மாட்டான்.

495-இல் மொகல்லானன் வந்தான். காசியப்பன் பாறையை விட்டிறங்கிச் சமவெளிக்குப் போய்ப் போரிட்டான். எதிரில் சேற்று நிலம் வர, அவனுடைய யானையைத் திருப்பினார்கள். அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது. தனியாக நின்ற காசியப்பன் தன் கத்தியாலேயே உயிரை முடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் போதுமா? எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?

பாறைக்கும் அதைச் சுற்றியுள்ள இடத்துக்கும் இரண்டு ராத்திரி தாராளம். முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். அன்று சாயங்காலம் பக்கத்து மலையான பிதுரங்கல. இரண்டாம் நாள் முழுக்க சிகிரியா: காலையில் தோட்டமும் பாறையும், மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் தம்புள்ளைக் குகைக் கோயில். அதுவும் தவறவிடக் கூடாத இடம்; ஐந்து குகைகளிலும் கூரையில் ஒரு சாண் விடாமல் ஓவியம்.

கொழும்பிலிருந்து காலையில் வேனில் கிளம்பி, ஏறி இறங்கி, ராத்திரியே திரும்புகிறவர்களும் உண்டு. அப்படிப் போகாதீர்கள். நல்ல வெயிலில் அவசரமாக ஏறுவதும் இறங்குவதும்தான் நினைவில் மிஞ்சும்.

எப்படிப் போவது?

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருப்பதால் கொழும்பு நகருக்குள் போகவே வேண்டாம்; குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்குப் பஸ் மாறி மாறிப் போய்விடலாம். தம்புள்ளையிலிருந்து சிகிரியாவுக்கு உள்ளூர் பஸ், முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். பஸ் பலகைகளில் சிங்களத்தோடு தமிழும் எழுதியிருக்கும், அதனால் குழப்பமில்லை.

யாழ்ப்பாணம் வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம். யாழ்ப்பாணம் - கண்டி நெடுஞ்சாலையான ஏ9 தம்புள்ளை வழியாகத்தான் போகிறது. கண்டி பஸ்ஸில் ஏறித் தம்புள்ளையில் இறங்கிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிகிரியா பஸ்ஸை நம்பாதீர்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் காட்டு யானைகள் நடமாட்டம் உண்டு. நடந்து போகலாம் என்று நினைக்கவே வேண்டாம், ஆட்டோதான்.

டிக்கெட் விலை அதிகமாமே?

ஆமாம், வெளிநாட்டவருக்கு 30 டாலருக்கும் மேல். ஆனால் இந்தியா உள்ளிட்ட சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். என் கண்ணெதிரே ஒருவர் அதை விடுதியில் விட்டுவிட்டு வந்து, திரும்ப ஆட்டோ பிடித்து ஓடினார். அருங்காட்சியகமும் அதே டிக்கெட்டில் அடக்கம், அதனால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

1200 படியாமே! என்னால் ஏற முடியுமா?

திருச்சிக்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரை ஒரே நாளில் மூன்று தடவை ஏறிப் பார்ப்பது போல. ஆனால் இங்கே படிகள் தொடர்ச்சியாக இல்லை. நடுநடுவே சமதளம், ஓவியம், சுவர், செங்கல்லில் கட்டிய பெரிய சிங்கப் பாதம் என்று நின்று பார்க்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது. அவசரப்படாமல் ஏற ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாயிற்று.

முட்டியை விட உயர பயம்தான் சிலருக்குப் பெரிய தடை. சிங்கப் பாதத்துக்கு மேலே உள்ளவை பாறையின் பக்கவாட்டில் பொருத்திய இரும்புப் படிகள். காற்று பலமாக அடிக்கும். கைப்பிடி உறுதியாக இருக்கிறது. கீழே பார்க்காமல் முன்னால் போகிறவரின் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏறினால் முடிந்துவிடும். எனக்கு முன்னால் போன அம்மாள் ஒருவர் பாதிப் படியில் கண்ணை மூடி நின்றுவிட்டார். பின்னால் வந்த யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு நிமிடம் காத்திருந்தோம், அவரும் மேலே வந்துவிட்டார்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

இரண்டு லிட்டர். நான் ஒன்றுதான் எடுத்துப் போனேன், உச்சிக்குப் போவதற்குள் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. மேலே கடை கிடையாது. நிழலும் அநேகமாகக் கிடையாது.

தோட்டத்தைப் பார்க்காமல் நேராக மேலே போய்விடலாமா? வெயிலுக்கு முன் ஏறிவிடலாமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எல்லோரையும் உட்கார வைத்துப் பதில் சொல்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரண்மனை மலை உச்சியில் தொடங்கவில்லை. அகழியைத் தாண்டிக் காலை உள்ளே வைக்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. உச்சியில் இருப்பது அதன் கடைசி அறை மட்டும்தான்.

மேற்கு வாசலில் நுழைந்தால் ஒரு நேர்ப்பாதை பாறையை நோக்கி ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் நீர்த் தோட்டங்கள். இடது பக்கம் ஒரு குளம் இருந்தால் வலது பக்கமும் அதே அளவில் ஒரு குளம். கோலத்தில் புள்ளி வைத்த மாதிரி அப்படி ஒரு ஒழுங்கு. நடுவில் தீவு போல விட்ட இடங்களில் கோடைக்கால மாளிகைகள் இருந்திருக்கின்றன. இப்போது அடித்தளங்கள் மட்டும்.

கொஞ்சம் உள்ளே போனால் பாதையோரத்தில் தரையோடு தரையாக வட்டமான கற்கள் பதித்திருப்பார்கள். சுண்ணாம்புக் கல். நான் குனிந்து பார்த்தேன். சல்லடை போல, கட்டை விரல் கூட நுழையாத சின்னத் துளைகள், வட்ட வரிசையில். அவைதான் நீரூற்றுகள். மோட்டார் இல்லை, வால்வு இல்லை. உயரத்தில் இருக்கும் நீரைத் தரைக்கடியில் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து, அதன் அழுத்தத்திலேயே மேலே பீய்ச்ச வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது 1500 வருடம் கழித்து இன்றும் அவை தண்ணீரை எழுப்புகின்றன. நான் போன பிப்ரவரியில் வறண்டு கிடந்தன. துளைகளில் காய்ந்த இலைத் துணுக்குகள். தோட்டக்காரர் ஒருவர் ஈர்க்குச்சி விளக்குமாற்றால் அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் மெதுவாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல்களைக் குவித்து மேலே விரித்துக் காட்டினார். தண்ணீர் இப்படி வரும் என்று. மழை என்பதற்கு வானத்தைக் காட்டினார்.

நீர்த் தோட்டம் முடிந்ததும் பாறைத் தோட்டம். அங்கே ஒழுங்கெல்லாம் மாறிவிடும். உருண்டு கிடக்கும் ராட்சதப் பாறைகளை அப்படியே விட்டு, அவற்றின் நடுவே பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு பாறைகள் சாய்ந்து இயற்கையாகவே ஒரு வாசலை உண்டாக்கியிருக்கும். அதற்குள் நுழைந்துதான் படியேற வேண்டும். பாறைகளின் உடம்பில் படிப்படியாக வெட்டிய பள்ளங்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் செங்கல் சுவரோ மரச்சட்டமோ உட்கார்ந்த இடம். அதாவது, இன்று மொட்டைப் பாறையாகத் தெரிவதன் மேல் எல்லாம் ஒரு காலத்தில் கட்டடம் இருந்தது. இதைக் கீழே பார்த்துப் பழகிக்கொண்டால்தான் மேலே வெறும் அடித்தளங்களைப் பார்க்கும்போது அரண்மனை கண்ணுக்குத் தெரியும்.

கவுண்டர் திறக்கும் நேரத்திலேயே போய்விட்டால் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தும் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம்.

அந்த ஓவியங்கள் எப்படி? படம் எடுக்க விடுகிறார்களா?

விடுவதில்லை. காவலர் பக்கத்திலேயே நிற்பார். அது நல்லதும் கூட, எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

பாறையின் மேற்கு முகத்தில், பாதி உயரத்தில் ஒரு குழிவு. சுழல் இரும்புப் படியில் ஏறித்தான் போக வேண்டும். இப்போது மிஞ்சியிருப்பவை சுமார் இருபது உருவங்கள். ஒரு காலத்தில் அந்தப் பாறை முகம் முழுக்க ஓவியம் இருந்தது, 500 பெண்கள் வரை இருந்திருக்கலாம் என்பார்கள். எல்லாரும் இடுப்புக்குக் கீழே மேகத்தில் மறைந்திருக்கிறார்கள். கையில் பூக்கள், பூத்தட்டு. அரசியரும் தோழியரும் என்று சிலர், வானுலகப் பெண்கள் என்று சிலர், மேகமும் மின்னலும் என்று பரணவிதான. சித்தன்னவாசலைப் பார்த்தவர்களுக்கு ஒரு நெருக்கம் உடனே தெரியும். சித்தன்னவாசல் ஓவியங்கள் இதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. அங்கே தாமரைக் குளமும் ஆடும் பெண்களும் பாதி அழிந்து, தேடித்தான் பார்க்க வேண்டும். இங்கே காவியும் மஞ்சளும் இன்னும் பளிச்சென்று நிற்கின்றன.

ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். ஒரு பெண்ணின் கையை ஓவியர் முதலில் ஓரிடத்தில் வரைந்து, மனம் மாறி வேறு மாதிரி வரைந்திருக்கிறார். மேலே பூசிய வண்ணம் மங்கியதில் முதல் கையின் கோடும் வெளியே வந்துவிட்டது. இந்தக் கை இப்படி வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்த அந்த நொடி அப்படியே இருக்கிறது. என்னை அங்கிருந்து நகரவிடாமல் செய்தது அந்தக் கைதான். பெயர் கூடத் தெரியாத ஒரு ஓவியரின் யோசனை நடுவில் நாம் போய் நிற்கிறோம்.

1967-இல் யாரோ இந்த ஓவியங்கள் மேல் பச்சை வண்ணத்தை வீசி நாசம் செய்தார்கள். லூசியானோ மரன்சி என்ற இத்தாலிய வல்லுநர் வந்து பாடுபட்டு மீட்டார்.

கண்ணாடிச் சுவரில் கண்ணாடி இருக்கிறதா?

இல்லை. அது செங்கல் சுவர். மேலே பூசிய வெண்சாந்தை முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தார்கள், அதனால் அந்தப் பெயர். இப்போது பழுப்பேறிய மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் காலைச் சாய்வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால் பளபளப்பு இன்னும் தெரியும்.

அரண்மனைக் காலம் முடிந்து, பாறை பிக்குகள் கைக்குப் போன பிறகும் ஜனங்கள் இந்த ஓவியங்களைப் பார்க்க வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். வந்தவர்கள் சுவரில் கூரான எதையோ வைத்துப் பாட்டு எழுதினார்கள். பெரும்பாலும் எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதியவை. பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-இல் பதிப்பித்தார். பழைய சிங்களக் கவிதையும் எழுத்தும் எப்படி இருந்தன என்று சொல்ல இதைவிட நல்ல சான்று அநேகமாக இல்லை. எழுதியவர்களில் பிக்குகள் உண்டு, அதிகாரிகள் உண்டு, சாதாரண ஆட்கள் உண்டு, பெண்களும் உண்டு. மேலே உள்ள பெண்களின் அழகில் மயங்கிப் பாடியவை நிறைய. பதிலே பேசாமல் நிற்கிறார்களே என்று குறைப்பட்டவையும், அவர்கள்மேல் பொறாமைப்பட்ட பெண்களின் பாட்டும் உண்டு.

சுவருக்கு முன்னால் போய் நின்றால் முதலில் ஒன்றுமே தெரியாது, கீறல் மாதிரி இருக்கும். கண் பழகட்டும். ஒரு நிமிடத்தில் வரிசை தெரியும், அப்புறம் எழுத்தின் வளைவு தெரியும். மயிரிழை அளவு கோடு, ஆனால் தயங்காத கை. எனக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது. இருந்தும், பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போக முடியாத ஒருவர் இங்கே நின்றிருக்கிறார் என்பது புரிந்தது.

உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதினார்களே என்று நாம் எழுதக் கூடாது. தொடவும் கூடாது. 2015-இல் இந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். பின்னால் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

குளவி கொட்டும் என்கிறார்களே?

பாறையில் பெரிய கூடுகள் இருக்கின்றன. சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சிங்கப் பாதத் திடலில், குளவி கலைந்தால் ஓடி ஒளிய வலையடித்த கூண்டும் இருக்கிறது. நான் போனபோது ஒன்றும் நடக்கவில்லை. வாசனைத் திரவியம் போடாமல், கத்திப் பேசாமல் போங்கள். குரங்குகளுக்குத்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

சிங்கம் எங்கே? உச்சியில் என்ன இருக்கிறது?

சிங்ககிரி என்பதுதான் சிகிரியா ஆயிற்று. வடக்குப் பக்கத்தில் ஒரு திடல். அங்கே செங்கல்லும் சாந்தும் வைத்துப் பிரம்மாண்டமான சிங்கம் கட்டி, அதன் வாய்க்குள் நுழைந்து மேலே ஏறுகிற மாதிரி வைத்திருந்தார்கள். தலையும் உடம்பும் விழுந்துவிட்டன. முன்னங்கால் பாதங்கள் இரண்டு மட்டும் இருக்கின்றன. மண்மூடிக் கிடந்த அவற்றை 1898-இல் தொல்லியல் அதிகாரி எச்.சி.பி. பெல் வெளியே கொண்டுவந்தார். ஒரு நகமே ஓர் ஆள் அளவு. அதிலிருந்து முழுச் சிங்கத்தையும் நாமே மனதில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உச்சி சுமார் நான்கு ஏக்கர். தட்டை என்று கீழேயிருந்து தெரிகிறதே தவிர, படிப்படியாக இறங்கும் மாடித் தளங்கள். செங்கல் அடித்தளங்கள், பளிங்குப் படிகள், பாறையிலேயே செதுக்கிய ஒரு கல் இருக்கை. நடுவில் பாறையை வெட்டி உண்டாக்கிய பெரிய குளம், 27 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். நான் போனபோதும் அதில் பச்சையாகத் தண்ணீர் இருந்தது. 200 மீட்டர் உயரத்தில், ஆறோ ஓடையோ எட்டாத இடத்தில், கோடை தொடங்கும் நேரத்தில்.

மேலே வருகிறவர்களில் பலர் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். நான் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்து, வந்த பாதையை மேலேயிருந்து பார்த்தேன். காலையில் ஒவ்வொன்றாகக் கடந்துவந்த குளங்கள் எல்லாம் ஒரே கோட்டில், வரைபடம் விரித்த மாதிரி. அரசன் தினமும் பார்க்க நினைத்தது அதைத்தான் என்று தோன்றியது.

பெண் தனியாகப் போவது பாதுகாப்பா?

என் அனுபவத்தில், ஆமாம். பாதையில் எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள், காவலர்கள் இருக்கிறார்கள். தொல்லை என்று சொன்னால் ஒன்றுதான்: செங்குத்தான படிகளில், கேட்காமலேயே சிலர் வந்து முழங்கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அன்பாகத்தான் இருக்கும். இறங்கியதும் பணம் கேட்பார்கள். தேவை இல்லையென்றால் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் 'எபா' என்றால் வேண்டாம். 'ஸ்தூதி' என்றால் நன்றி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிவிடுங்கள். நான் முதல் நாள் பேசாமல் ஏறி இரண்டு மடங்கு கொடுத்தேன்.

தனியாகப் போனால் போரடிக்காதா? பேச ஆள் வேண்டாமா?

பேச ஆள் கிடைத்துவிடும். தம்புள்ளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். "எந்த ஊரும்மா?" என்றார். திருச்சி என்றதும், "நத்ஹர் வலி தர்கா இருக்கிற ஊர்தானே? என் வாப்பா போயிருக்கார்" என்றார். அப்புறம் சிகிரியா பஸ் வரும்வரை பேச்சு ஓயவில்லை. பஸ் வந்ததும் கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

ஆனால் நான் தனியாகப் போனதன் பலன் வேறு. குடும்பத்தோடு போனால் யாருக்காவது பசிக்கும், யாருக்காவது கால் வலிக்கும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகலாமா என்பார்கள். அது இயல்பு, குறை சொல்லவில்லை. ஆனால் ஓவியத்தில் அந்தக் கையை அரை மணி நேரம் பார்க்கவும், சுவரில் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும்வரை நிற்கவும் யாரையும் காக்க வைக்கிறோம் என்ற எண்ணம் இருக்கக் கூடாது. வீட்டிலும் வேலையிலும் எனக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

பிதுரங்கல அவசியமா?

சிகிரியாவின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அவசியம். சிகிரியா மேல் நின்றால் சிகிரியா தெரியாதே. சற்று வடக்கே இருக்கிறது. அடிவாரத்தில் விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பாதி வழியில் செங்கல்லால் ஆன பெரிய சயனப் புத்தர். காசியப்பன் பாறையை எடுத்துக்கொண்டபோது அங்கிருந்த பிக்குகளுக்கு இந்த இடத்தைக் கொடுத்தான் என்பார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் படியே கிடையாது. பாறை இடுக்குகளில் கையை ஊன்றித் தவழ்ந்துதான் ஏற வேண்டும். முன்னால் போகிறவர்கள் கை கொடுப்பார்கள், நாமும் பின்னால் வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்கப் போனால் டார்ச் கட்டாயம். இறங்குவதற்குள் இருட்டிவிடுகிறது, செல்போன் வெளிச்சம் போதாது, இரண்டு கையும் பாறைக்கு வேண்டும்.

சாப்பாடு?

கவலையே வேண்டாம். காலையில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் பருப்பும், ராத்திரி கொத்து ரொட்டி. சைவம் என்றால் மரக்கறிச் சோறு என்று கேளுங்கள், நாலைந்து கறியோடு தருவார்கள். சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பதுண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் வாசலில் செவ்விளநீர் விற்பார்கள். அங்கே தம்பிலி என்பார்கள். நான் இரண்டு குடித்தேன்.

எந்த மாதம் போகலாம்?

மழை இல்லாமல் ஏற வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை பரவாயில்லை. ஏப்ரல் வெயில் கடுமை. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, நம் ஊரில் பெய்கிற அதே மழைதான். படிகள் வழுக்கும், ஆனால் காடு பச்சையாக இருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும்.

என் அம்மாவுக்கு எழுபது வயது, ஏற முடியாது. அழைத்துப் போவதில் அர்த்தம் உண்டா?

உண்டு. முன்னே சொன்னதுதான், அரண்மனை கீழேயே தொடங்கிவிடுகிறது. நீர்த் தோட்டம் முழுக்கச் சமதரை, மெதுவாக நடக்கலாம், மர நிழலில் உட்காரலாம். அங்கிருந்து பாறை முழுசாகத் தெரியும். அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் பிரதிகள் இருக்கின்றன, அவற்றை நின்று நிதானமாகப் பார்க்கலாம். நீங்கள் ஏறி இறங்கும் மூன்று மணி நேரம் மட்டும் யாராவது அவர்களோடு இருந்தால் நல்லது.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு. அடுத்த தடவை அவரோடுதான் போகப் போகிறேன், ஜனவரியில், மழை ஓய்ந்த கையோடு. நான் மேலே ஏறப் போவதில்லை. அந்தத் துளைக் கற்களுக்குப் பக்கத்தில் இருவரும் உட்காருவோம். தோட்டக்காரர் கையால் காட்டியது உண்மையாகவே எழும்பி வருவதை அம்மாவோடு பார்க்க வேண்டும்.